தோற்றதும் எழுந்து போய்விடாதீர்கள்: பெங்களூருவில் ஃபைட்டிங் கேம் ஆட வருகிறவர்களுக்கு

ஃபைட்டிங் கேம் என்றால் இருவர் நேருக்கு நேர் மோதும் வீடியோ கேம். அந்த வகையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அல்லது டெக்கன் 8 வாங்கி, ஆன்லைனில் கொஞ்ச நாள் ஆடி, 'இனி ஆட்களோடு நேரில் உட்கார்ந்து ஆட வேண்டும்' என்று தோன்றுகிற கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூருவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆட்டம் ஓரளவு கைவந்திருக்கும். தெரியாத ஆட்கள் நிறைந்த அறைக்குள் போய் என்ன பேசுவது என்கிற தயக்கம்தான் தடுக்கும்.

ஆனால் அந்தப் பேச்சில்தான் பாதி ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறோம். ஆன்லைனில் உங்களை அடித்தவர் அடுத்த நொடி காணாமல் போய்விடுவார். நேரில் அவர் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார். கேட்டால் எப்படி அடித்தார் என்று சொல்லிவிடுவார். எனவே எப்படிக் கேட்பது, எதைச் சொல்லாமல் விடுவது, கிண்டலை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கோம்போ, அதாவது தொடர் அடிகள், கற்றுத்தர யூடியூப் இருக்கிறது.

போவதற்கு முன்

டிஸ்கார்டிலும் வாட்ஸப்பிலும் பெங்களூரு பெயரோடு ஆட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். குழுவில் சேர்ந்ததும் நீளமாக அறிமுகம் எழுத வேண்டாம். என்ன ஆட்டம், எந்த கேரக்டர், எந்த ரேங்க், எந்த நாள் வரமுடியும் என்று ஒரே வரியில் போடுங்கள். ரேங்கைக் கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். சில்வர் என்று சொன்னால் அதற்கேற்ற ஆளோடு உட்கார வைப்பார்கள். பணிவுக்காக 'எனக்கு ஒண்ணுமே தெரியாது' என்று எழுதினால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே ஒருவர் அரை மணி நேரம் விளக்குவார்.

இரண்டு விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டம் பிஎஸ்5-லா பிசியிலா, கன்ட்ரோலர் நாமே கொண்டுவர வேண்டுமா. இடம் பெரும்பாலும் கோரமங்கலா, இந்திராநகர், எச்எஸ்ஆர் பக்கம் ஏதாவது கேமிங் கஃபேயாகவோ, யாராவது ஒருவர் வீட்டு ஹாலாகவோ இருக்கும். ஒயிட்ஃபீல்டில் இருப்பவர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து மெட்ரோவின் பர்ப்பிள் லைன் முழுதாக ஓடுகிறது. எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு 2025 ஆகஸ்டில் யெல்லோ லைன் வந்துவிட்டது, ஆர்.வி. ரோட்டில் இறங்கி கிரீன் லைனுக்கு மாறலாம். மே முதல் அக்டோபர் வரை சாயங்கால மழையை நம்ப முடியாது. ஆர்கேட் ஸ்டிக் (கைப்பிடியும் பட்டன்களும் உள்ள பலகை) கொண்டுபோகிறவர்கள் பையோடு ஒரு பிளாஸ்டிக் உறையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் விஷயத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர் மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் எரிச்சல்படுவது இதனால்தான். உங்கள் பிஎஸ்5 கன்ட்ரோலரை அங்கே ஒரு கன்சோலோடு ப்ளூடூத்தில் இணைத்து ஆடிவிட்டு, அப்படியே பையில் போட்டுக்கொண்டு எழுந்தால் அது இன்னும் அந்தக் கன்சோலோடுதான் இணைந்திருக்கிறது. பைக்குள் எதுவோ பிஎஸ் பட்டனில் பட்டால் போதும், அடுத்த இருவர் ஆடிக்கொண்டிருக்கும் திரையில் மெனு வந்து நிற்கும். டோர்னமென்டில் ஆட்டத்தை நிறுத்தியவருக்கு அந்த ரவுண்டு போய்விடும் என்பதுதான் வழக்கமான விதி. இங்கேயோ நிறுத்தியவர் ஆட்டத்திலேயே இல்லை. ஆகவே எழுந்திருக்கும்போதே கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து, விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். இணைப்பு விட்டுப்போகும். கேபிள் இருந்தால் கேபிளோடு ஆடுவது இன்னும் நல்லது.

லீவர்லெஸ் பலகை (கைப்பிடி இல்லாமல் பட்டன்கள் மட்டும் உள்ளது) வேண்டும், விலைதான் அதிகம் என்பவர்கள் எஸ்.பி. ரோட்டில் ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன சர்க்யூட் போர்டும் பட்டன்களும் வாங்கி, ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேரைப் போட்டு வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். பிசியில் உடனே ஓடும். பிஎஸ்5-க்குத் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டியிருக்கும். முதல் மாதத்திலேயே இதில் இறங்க வேண்டாம். கையிலிருக்கும் சாதாரண கன்ட்ரோலரே (பேட்) போதும்.

பேச்சு புரிய வேண்டுமானால் இந்தக் கணக்கு தெரிய வேண்டும்

அறையில் காதில் விழும் பேச்சில் பாதி ஃபிரேம் கணக்கு. இந்த ஆட்டங்கள் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடுகின்றன. ஒரு அடி வெளியே வர எத்தனை ஃபிரேம், தடுக்கப்பட்ட பிறகு யார் முதலில் நகர முடியும் என்பதுதான் கணக்கு. 'நான் மைனஸ் 3' என்று ஒருவர் சொன்னால், அவர் அடியை நீங்கள் தடுத்த பிறகு அவரைவிட 3 ஃபிரேம் முன்னதாக நீங்கள் நகரலாம் என்று பொருள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் பல கேரக்டர்களின் மிக வேகமான அடி 4 ஃபிரேமில் வரும். இருவரும் அதையே அமுக்கினால் அவருடையது நடைமுறையில் 7 ஆகிவிடும், உங்கள் அடி முதலில் விழும். இதைத்தான் 'இப்ப உன் டர்ன்' என்கிறார்கள். அவர் மைனஸ் 4 அல்லது அதைவிட மோசம் என்றால், நீங்கள் எட்டும் தூரத்தில் இருந்தால், அவர் தடுப்பதற்குக்கூட நேரமில்லாமல் அடி விழும். அதுதான் பனிஷ். டெக்கனிலும் தர்க்கம் இதே. அங்கே ஜாப் (சின்னக் குத்து) 10 ஃபிரேம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தன் டர்ன் இல்லாதபோதும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பது மேஷ். அடி படாமல் காற்றில் போனால் விஃப். எதிராளியைக் கீழே விழவைத்து, அவர் எழும்போது மேலே போய் நின்று அழுத்தம் கொடுப்பது ஓகி. இருவரும் தள்ளி நின்று ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருக்கும் நேரம் நியூட்ரல். உங்கள் பழக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றால் 'டவுன்லோடு பண்ணிட்டாரு'. நாலு பேர் நின்று 'டிஐ, டிஐ' என்று கத்தினால் அது டிரைவ் இம்பாக்ட், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் உள்ள ஒரு பலத்த அடி. அது வெளிவர 26 ஃபிரேம் ஆகும், அதாவது அரை விநாடிக்கும் குறைவு. பார்த்துத் திருப்பிக் கொடுக்க முடியும், பழக வேண்டும். மூலையில் நின்று அதைச் சும்மா தடுத்தீர்களானால் சுவரில் மோதி அடுத்த அடியும் வாங்குவீர்கள். வேறு வார்த்தை புரியாவிட்டால் அந்த இடத்திலேயே கேளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்; விளக்குவது இவர்களுக்குப் பிடித்த வேலை.

நாற்காலியில் உட்காரும்போது

ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஒரு செட் (இருவர் தொடர்ந்து ஆடும் ஆட்டங்கள்) முடிந்ததும் 'அடுத்து யாரு? நான் வரலாமா?' என்று கேளுங்கள். கேட்காமல் காத்திருந்தால் மாலை முழுக்க நின்றுகொண்டே இருப்பீர்கள். அது உங்களை ஒதுக்குவதால் அல்ல, நீங்கள் பார்க்க வந்திருப்பதாக நினைத்துவிடுவார்கள். சில இடங்களில் ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுவார். சில இடங்களில் ஃபர்ஸ்ட் டு ஃபைவ், அதாவது யார் முதலில் ஐந்து ஆட்டம் ஜெயிக்கிறாரோ அதுவரை. புதியவருக்கு இரண்டாவதுதான் நல்லது. ஒரே ஆளோடு தொடர்ந்து ஆடினால்தான் அவர் என்ன செய்கிறார் என்பது கண்ணில் படத் தொடங்கும். 'ஃபர்ஸ்ட் டு ஃபைவ் ஆடலாமா?' என்று நீங்களாகவே கேட்கலாம். ஆறேழு பேர் காத்திருந்தால் மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் பட்டன் செக். உங்கள் பட்டன் அமைப்பைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. மானிட்டரில் தாமதம் இருப்பதாகத் தோன்றினால் அப்போதே சொல்லுங்கள். தோற்ற பிறகு சொன்னால் அது சாக்கு ஆகிவிடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் எளிய முறையான மாடர்ன் கன்ட்ரோலில் ஆடுகிறவர்கள் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஒரே பட்டனில் ஸ்பெஷல் அடி போடலாம், அதற்கு விலையாக அந்த அடியின் சேதத்தில் 20 சதவீதம் குறைகிறது. ஆட்டத்தைச் செய்தவர்களே கணக்குப் போட்டுக் கொடுத்த வழி அது.

பணம் வைத்து ஆடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

தோற்ற பிறகு: இந்த வழிகாட்டியின் மையம் இதுதான்

முதல் நாள் தோற்பீர்கள், நிறையத் தோற்பீர்கள். கடைசி ரவுண்டு முடிந்ததும் முஷ்டியை நீட்டி ஒரு ஃபிஸ்ட் பம்ப், 'ஜிஜி' (குட் கேம்) என்று ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு வரும் 30 விநாடியில்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். முகம் சிவந்து எழுந்து போய்விடுவார்கள், இல்லையென்றால் சாக்கு சொல்வார்கள்: பேட் சரியில்லை, இது என் மெயின் கேரக்டர் இல்லை, நேற்று தூங்கவில்லை. இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னதும் எதிரில் இருப்பவருக்குப் பேச எதுவும் இல்லாமல் போகிறது. ஓ, சரி என்று திரையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்.

அதற்குப் பதில் கேள்வி கேளுங்கள். சின்னக் கேள்வியாக இருக்கட்டும். 'நான் எப்படி இம்ப்ரூவ் ஆவது?' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, 'நிறைய ஆடு' என்பார்கள். ஆட்டத்தில் நடந்த ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக் கேட்டால் பேச்சு எப்படிப் போகும் என்று பாருங்கள். (ஷோர்யூகென் குதித்து வருபவரை மேல்நோக்கி அடிக்கும் குத்து; ஃபயர்பால் தூரத்திலிருந்து எறிவது; பேரி வருகிற அடியைத் தட்டிவிடுவது; டிரைவ் அதனால் ஏறும் சக்தி அளவு.)

"அண்ணா, நான் குதிச்சப்பல்லாம் ஷோர்யூகென் வாங்குனேன். குதிக்கப்போறது முன்னாடியே தெரிஞ்சுதா?"

"நீ ரெண்டு தடவை ஃபயர்பால பிளாக் பண்ணுற, மூணாவதுக்குக் குதிச்சிடுற தம்பி. எல்லா ரவுண்டும் அதே மாதிரி. நான் மூணாவது போடாம சும்மா நின்னேன், நீயா வந்து விழுந்த."

"அப்ப மூணாவதுக்கு என்ன பண்ணணும்?"

"குதிக்காத. பேரி பண்ணு, டிரைவ் ஏறும். பண்ணிட்டு ஓரடி முன்னாடி நட. திரும்பவும் அதே. நீ பக்கத்துல வந்துட்டா எனக்கு ஃபயர்பால் போடவே பயமா இருக்கும். வா, இப்பவே பாத்துடலாம்."

இதில் நடந்ததைக் கவனியுங்கள். குதிப்பு ஏறக்குறைய முக்கால் விநாடி நீடிக்கும், எதிர்பார்த்து நிற்பவருக்கு அது தாராளமான நேரம் என்பது எந்த வீடியோவிலும் கிடைக்கும். ஆனால் 'நீ மூன்றாவதற்குக் குதிக்கிறாய்' என்பதை எந்த வீடியோவும் சொல்லாது. எதிரில் இருந்தவர் மட்டும்தான் பார்த்தார். அதைக் கேட்டு வாங்காமல் எழுந்து போனால் அது அவரோடேயே போய்விடும்.

டெக்கன்காரர்களுக்கு இதே மாதிரி ஒரு கேள்வி: கிங் என்ற கேரக்டர் பிடித்துத் தூக்கும்போதெல்லாம் மாட்டிக்கொள்கிறீர்கள் என்றால், 'எதைப் பார்த்து பிரேக் பண்றீங்க?' என்று கேளுங்கள் (பிரேக் என்றால் பிடியிலிருந்து விடுபடுவது). எந்தக் கை முன்னால் நீள்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். இடது கையென்றால் 1 (இடது குத்து பட்டன்), வலது கையென்றால் 2 (வலது குத்து பட்டன்), இரண்டும் என்றால் 1+2 சேர்த்து. கேட்டவுடன் பத்து முறை செய்து காட்டச் சொல்லுங்கள், தயங்காமல் செய்வார்கள்.

ஒரு முறை உட்கார்ந்தால் ஒரு கேள்வி போதும். ஐந்து கேட்டால் ஐந்தும் மறந்துபோகும்.

ஜெயித்துவிட்டீர்களா? கேட்காமல் அறிவுரை சொல்லாதீர்கள். 'லக்குதான் ப்ரோ' என்றும் சொல்லாதீர்கள். அடக்கம் போலத் தோன்றும், தோற்றவருக்கு அது இன்னும் எரியும். அவர் நன்றாகச் செய்த ஒன்று கண்டிப்பாக இருக்கும், அதைச் சொல்லுங்கள்: 'உங்க ஆன்டி-ஏர் செமயா இருந்துச்சு, அதுக்கப்புறம் குதிக்கவே பயந்தேன்.'

கிண்டலும் அதன் எல்லையும்

இந்த அறைகள் சத்தமானவை. முதல் நாள் கேட்டால் சண்டை நடப்பதுபோல இருக்கும். 'ஏமாத்துற கேரக்டர்டா அது', 'மூளையே வேண்டாம், ஒரு பட்டன் போதும்', 'திருடிட்டான் பாரு ரவுண்ட' என்பதெல்லாம் வழக்கமான பேச்சு. கேரக்டரைத் திட்டுவது, ஒரு முடிவைக் கிண்டல் செய்வது, கடைசி நொடியில் பதறியதை நடித்துக் காட்டுவது, எல்லாம் சரி. உங்களைக் கிண்டல் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்றால் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். நீங்கள் திருப்பிக் கிண்டல் செய்ய இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். யார் எதற்குச் சிரிப்பார், யாருக்கு எது சுடும் என்று தெரிந்த பிறகு செய்யலாம்.

எல்லை எங்கே என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சாதி, ஊர், மதம், நிறம், உடம்பு, ஆங்கில உச்சரிப்பு, வீட்டுப் பெண்கள் ஆகியவை இங்கே பேச்சுக்கு வரக்கூடாது. தமிழில் திட்டினால் யாருக்கும் புரியாது என்று நினைக்க வேண்டாம். இது பெங்களூரு, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வளர்ந்தவர்கள் அறையில் இருப்பார்கள். பெண்கள் ஆட வந்தால் அவர்களிடம் கேட்க வேண்டியதும் 'அடுத்த செட் ஆடலாமா?' என்பதுதான். விட்டுக்கொடுத்து ஆடுவதும், யாரோடு வந்தீர்கள் என்று விசாரிப்பதும் அவமானப்படுத்துவதுதான். யாராவது எல்லை தாண்டினால் நடத்துகிறவரிடம் போய்ச் சொல்லுங்கள். நல்ல குழு என்றால் அன்றைக்கே கேட்பார்கள். கேட்காத குழுவை விட்டு வேறு இடம் பாருங்கள்.

எந்த மொழியில் பேசுவது

கன்னடம், இந்தி, ஆங்கிலம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும். மச்சா என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். வயதில் மூத்தவரைத் தமிழர் என்றால் அண்ணா, அக்கா என்றும், கன்னடக்காரர்களை முதல் சில வாரம் 'குரு' என்றும் அழைத்தால் நன்றாகப் போகும். தமிழ் பேசுகிற ஒருவரைக் கண்டதும் வரும் சந்தோஷம் இயல்புதான். ஆனால் மூன்றாவது ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குக் குறுக்கே தமிழிலேயே பேசிக்கொண்டிருக்காதீர்கள். அவருக்குக் கேட்க வேண்டிய விஷயமும் அந்தப் பேச்சில் இருக்கும்.

டோர்னமென்டில் இது இன்னும் முக்கியம். செட் நடக்கும்போது வெளியிலிருந்து சொல்லிக்கொடுப்பது கோச்சிங். பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. பின்னால் நின்று 'குதிக்கிறான் பாரு', 'லோ போடு' என்று தமிழில் சொன்னால் அதுவும் கோச்சிங்தான். எதிராளிக்கு மொழி தெரியாததால் இன்னும் மோசமான கோச்சிங். உற்சாகப்படுத்த 'வா, வா, விடாத' போதும்.

பேச்சைத் தொடங்க எதுவும் தோன்றாவிட்டால் ஒரு கேள்வி எப்போதும் வேலை செய்யும்: 'நீங்க எங்க ஆட ஆரம்பிச்சீங்க?' மதுரையோ ஹூப்ளியோ, ஒரு தெருமுனைக் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து டெக்கன் 3-ல் எட்டி என்ற கேரக்டரை எடுத்து ஆளை உதைத்த கதை, அல்லது கேஓஎஃப் 97 (கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்) ஆடிய கதை வரும். அங்கிருந்து பேச்சு லாகூருக்கும் போகும். 2019-ல் லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் ஜப்பானிலும் லாஸ் வேகஸிலும், ஃபைட்டிங் கேமின் பெரிய போட்டியான ஈவோவின் இரண்டு பட்டங்களையும் டெக்கன் 7-ல் ஜெயித்தபோது, அதுவரை யாரும் கண்டுகொள்ளாத பாகிஸ்தானில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று உலகம் விழித்துக்கொண்டது. கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் பே ஜே-மின் அதே ஆண்டு அங்கேயே போய் அவர்களோடு உட்கார்ந்து ஆடினார். ஒரு ஊர் அறையில் ஒருவரையொருவர் அடித்தே எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்கு இந்தத் துணைக்கண்டத்தில் இதைவிடப் பெரிய சான்று இல்லை. 2004 ஈவோவில் தைகோ உமெஹாரா, உயிர்க்கோடு கிட்டத்தட்ட முடிந்த நிலையில், ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லி கேரக்டர் போட்ட சூப்பர் அடியின் ஒவ்வொரு உதையையும் பேரி செய்து ஜெயித்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் போங்கள்; அந்தப் பேச்சு வராத மாலை குறைவு.

வீட்டில் 'இதெல்லாம் ஒரு விளையாட்டா' என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல: 2022 டிசம்பரில் இந்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக நடந்தது, இந்தியாவிலிருந்தும் ஆடினார்கள்.

முதல் டோர்னமென்ட்

பெரும்பாலும் டபுள் எலிமினேஷன்: ஒரு முறை தோற்றால் லூசர்ஸ் பக்கம், இரண்டாவது முறை தோற்றால் வெளியே. ஒவ்வொரு செட்டும் வழக்கமாக ஃபர்ஸ்ட் டு டூ. பெயர் கூப்பிடும்போது இடத்தில் இல்லாவிட்டால் டிக்யூ, அதாவது தகுதிநீக்கம். டீ குடிக்கப் போவதாக இருந்தால் நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஜெயித்தவர் கேரக்டரை மாற்றக்கூடாது, தோற்றவர் மாற்றலாம் என்பது வழக்கம். செட் முடிந்ததும் ஸ்கோரை ஜெயித்தவர் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு செட்டும் தோற்று வெளியே வந்தவர்கள் ஓரமாக இன்னொரு மானிட்டரில் ஆடிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் உட்காருங்கள். டோர்னமென்ட் நாளில் மிக நல்ல பேச்சு நடப்பது அந்த ஓரத்தில்தான், யாருக்கும் பதற்றம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆடும்போது திரையை போனில் படம்பிடித்துக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தால் இப்போது உதவும். அன்று கேட்ட ஒரு பதிலை மட்டும் எடுத்து டிரெய்னிங் மோடில் போடுங்கள். டம்மியை இரண்டு ஃபயர்பால் விடவும், மூன்றாவதில் சில சமயம் சும்மா நிற்கவும் பதிவுசெய்து, குதிக்காமல் நடந்து போகப் பழகுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். குழுவில் 'இன்னைக்கு ஆடினதுக்கு நன்றி' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், சொல்லிக்கொடுத்தவர் பெயரோடு. அடுத்த வாரம் நேராக அவரிடமே போய், 'போன வாரம் சொன்னத பழகிட்டு வந்திருக்கேன் அண்ணா, ஃபர்ஸ்ட் டு ஃபைவ் போடலாமா?' என்று கேளுங்கள்.